மசகெண்ணெயின் இயல்பறிதல்: ஆய்வுகூடக் காய்ச்சிவடிப்பின் பங்கு

மசகெண்ணெய் தனியொரு பொருளன்று. கொதிநிலையால் வேறுபட்ட எண்ணற்ற ஐதரோகாபன்களின் கலவையாகும். ஒரு வயலின் எண்ணெயில் பெற்றோலுக்குரிய மென்பகுதி மிகுந்திருக்கும். பிறிதொன்றில் தார்போன்ற எச்சமே மிகுந்திருக்கும். ஆகவே, ஒரு கப்பல் எண்ணெயை விலைகொள்ளுமுன் அதனுள் பெற்றோல், மண்ணெண்ணெய், டீசல் என்பன எவ்வளவு அடங்கியுள்ளன என அறிதல் வேண்டும். சில லீற்றர் எண்ணெயைக்கொண்டு ஆய்வுகூடத்தில் நிகழ்த்தும் காய்ச்சிவடிப்பு இதற்கு விடை தருகின்றது.

எளிய குடுவையொன்றில் எண்ணெயைக் கொதிக்கவைப்பின், மென்கூறுகளின் ஆவியுடன் வன்கூறுகளும் கலந்தே வெளியேறும். பகுதிகளின் எல்லை தெளிவுறாது. இக்குறையை நீக்கக் குடுவையின்மேல் நிரலொன்று பொருத்தப்படுகின்றது. ஆவியும் திரவமும் முற்றாகச் சமநிலை எய்தும் படியைக் கோட்பாட்டுத் தட்டு என்பர். இந்நிரல் அத்தகைய 15 தட்டுகளுக்கு ஏறத்தாழ ஒப்பானது. உச்சியில் ஒடுங்கும் திரவத்தின் ஆறில் ஐந்து பங்கு மீண்டும் நிரலுக்குள் விடப்படும். கீழிறங்கும் இத்திரவம் மேலெழும் ஆவியைச் சந்திக்கையில், வன்கூறுகள் ஒடுங்கிக் கீழ்நோக்க, மென்கூறுகள் மேலேறுகின்றன. உச்சியின் வெப்பநிலைக்கு எதிராக, வடிந்த எண்ணெயின் வீதத்தைக் குறிப்பின் கிடைப்பதே உண்மைக் கொதிநிலை வளைகோடு.

இங்கு இடர்ப்பாடொன்று உண்டு. மிகை வெப்பத்தில் பெரிய மூலக்கூறுகள் உடைந்து சிறியனவாகும். அவ்வாறாயின், மூல எண்ணெயில் இல்லாத மென்பகுதியை இருப்பதாகவே நாம் கணக்கிடுவோம். எனவே குடுவைத் திரவத்தை 310 பாகை செல்சியசுக்கு மேற்படவிடாது, அமுக்கத்தை 100 மில்லிமீற்றர் இரசத்துக்கும், பின்னர் 2 மில்லிமீற்றருக்கும் குறைப்பர். அங்கு அளந்த வெப்பநிலை, வளிமண்டல அமுக்கத்துக்குரியதாக மாற்றிக் கணிக்கப்படும். இவ்வழியாற் சுமார் 400 பாகை வரை செல்லலாம். இறுதியில் வடிந்த பகுதிகளும் எச்சமும் சேர்ந்த திணிவு, தொடக்கத்தில் இட்ட எண்ணெயின் திணிவுக்கு ஒத்துவரல் வேண்டும். பெரிதும் குறையின் சோதனை ஏற்கத்தக்கதன்று. பின்னர் ஒவ்வொரு பகுதியினதும் அடர்த்தியும் கந்தக அளவும் அளக்கப்படும்.

இவ்வளைகோட்டின் பயனை நம் நாட்டிலேயே காணலாம். 1969இல் இயங்கத்தொடங்கிய சப்புகஸ்கந்தைச் சுத்திகரிப்பு நிலையம் ஈரானிய மென் மசகெண்ணெயை மனத்திற்கொண்டு அமைக்கப்பட்டது. 2012இல் ஈரான்மீதான தடைகளால் அவ்வெண்ணெயைப் பெறுதல் அரிதாகியபோது வேறு எண்ணெய்களை நாடவேண்டியதாயிற்று. இத்தகைய வேளையில் விலை மட்டும் நோக்கின் போதாது. புதிய எண்ணெயின் மென்பகுதியோ எச்சமோ நிலையத்தின் கொள்ளளவை மிஞ்சுமாயின், மலிவாக வாங்கியதும் நட்டமாகவே முடியும். அதனைக் கப்பல் வருமுன்னரே உணர்த்துவது ஆய்வுகூடத்தின் இச்சிறு குடுவையே எனலாம்.