கெலுகோரிலிருந்து கடாரத்துக்கு ஒரு பகல்

பினாங்குத் தீவின் கெலுகோரில் தொடங்கும், 1985இல் திறக்கப்பட்ட பினாங்குப் பாலத்தைக் கடந்து வாடகைக் காரில் வடக்கே செல்வோர், கெடா மாநிலத்தில் ஜெராய் மலையடியில் உள்ள பூஜாங் பள்ளத்தாக்கை ஒரே பகலில் கண்டு திரும்பலாம். சோழர் கல்வெட்டுகள் கடாரம் என்று குறிப்பிடும், இராஜேந்திர சோழனின் கடற்படை 1025ஆம் ஆண்டளவில் தாக்கிய வணிக நாடு இப்பகுதியே என ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

மெர்போக் அருங்காட்சியகத்தை ஒட்டிச் சீரமைக்கப்பட்டுள்ள புக்கிட் பத்து பகாட் சண்டி, அதாவது பழங்கோயில், கருங்கல் அடித்தளத்தில் கருவறையையும் முன்மண்டபத்தையும் தெளிவாகக் காட்டுவதோடு, தூண் நின்ற கற்குழிகளால் மேலே மரக்கூரை இருந்து அழிந்ததையும் உணர்த்துகிறது. 2013இல் இதே பள்ளத்தாக்கின் பதினொன்றாம் எண் சண்டி மனை மேம்பாட்டுக்காக இடிக்கப்பட்டது. எஞ்சியவற்றைக் காக்க, மக்கள் அவற்றை நேரில் கண்டு மதிப்பை அறிவதே முதற்படி.