பிள்ளையார்பாளையம்

காஞ்சி மாநகரைக் காண வருவோர் பெரும்பாலும் கோபுரங்களை நோக்கியே நடப்பர். ஏகாம்பரநாதரையும் காமாட்சியம்மையையும் வரதராசரையும் வணங்கி, பட்டுச்சேலை ஒன்றை வாங்கிக்கொண்டு ஊர் திரும்புவர். அச்சேலை பிறந்த தெருவைக் கண்டவர் சிலரே. நகரின் மேற்குப் பகுதியிலுள்ள பிள்ளையார்பாளையம் அத்தகைய தெருக்கள் நிறைந்தது. இன்று மாநகராட்சியின் எல்லைக்குள் அடங்கினும், சிற்றூருக்குரிய இயல்பு அதனை விட்டு முற்றும் நீங்கவில்லை.

இப்பகுதியை ஒட்டி விளங்குவது கயிலாசநாதர் கோயில். 700ஆம் ஆண்டையொட்டி இராசசிம்ம பல்லவன் மணற்கல்லால் எடுப்பித்தது அது. பின்னர்ப் பல்லவரின் பகைவனாகிய சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைக் கைப்பற்றினான். எனினும் அவன் நகரை அழிக்கவில்லை. இக்கோயிலின் செல்வத்தைக் கண்டு, அதனைக் கோயிலுக்கே திரும்ப அளித்தான். அச்செய்தியைக் கூறும் கன்னடக் கல்வெட்டு இன்றும் அக்கோயில் மண்டபத் தூணில் உள்ளது. வென்றவன் தோற்றவன் கோயிலில் தன் மொழியில் எழுதிவைத்த நற்செய்தி இது. காஞ்சிக்குச் செல்லும் மாணவர் தவறாது காணத்தக்கது.

காஞ்சியின் நெசவாளர் பழங்காலத்தில் தறியோடு மட்டும் நின்றவர் அல்லர். சென்னை அருங்காட்சியகத்திலுள்ள உத்தமசோழன் செப்பேடு, நகரின் நான்கு சேரிகளில் வாழ்ந்த பட்டசாலிகள் என்னும் நெசவாளரிடம், ஊரகத்துத் திருமால் கோயிலின் நிருவாகம் ஒப்படைக்கப்பட்டதைக் கூறுகின்றது. ஆயிரம் ஆண்டுகட்கு முன்னரே நூல் எண்ணும் கையினரைப் பொன் எண்ணவும் நம்பினர்.

இனித் தறிக்கு வருவோம். நெசவாளர் வீட்டின் தரையில் குழி வெட்டி, அதில் கால்களை இறக்கி மிதிக்கும் தறி குழித்தறி எனப்படும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அக்குழியில் நீர் ஊறினால் வேலை நின்றுவிடும். வேலை நின்றால் கூலியும் நிற்கும். பாவு ஒன்றில் மூன்று சேலைகள் நெய்வது வழக்கம். விடியற்காலையில் அப்பாவினைத் தெருநீளம் நீட்டிக் கஞ்சியிட்டு, இழை ஒட்டாதபடி பிரிப்பர். அப்போது வீட்டார் அனைவரும் தெருவில் நிற்பர். அண்டை வீட்டாரும் கை கொடுப்பர்.

காஞ்சிப் பட்டின் சிறப்பு கோர்வையில் உள்ளது. உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாக அமைய, மூன்று நாடாக்கள் ஓடவேண்டும். நெசவாளர் உடலையும் ஒரு கரையையும் கவனிக்க, மறுபுறம் அமர்ந்த துணைவர் மற்றக் கரையின் நாடாவைச் செலுத்துவார். உடலின் ஊடையும் கரையின் ஊடையும் ஒன்றையொன்று பற்றித் திரும்புவதால், சேலை நைந்தாலும் கரை எளிதில் பிரியாது. முந்தியை வேறு நிறத்தில் நெய்யவேண்டுமாயின், உடற்பாவின் இழைகளோடு புதிய இழைகளை ஒவ்வொன்றாக இணைத்து, சிறிது நெய்தபின் பழையவற்றை அறுத்து நீக்குவர். இதற்குப் பிட்னி என்று பெயர். முந்தி தொடங்குமிடத்தில் விரலால் தடவினால் தட்டுப்படும் கோடு அதன் அடையாளம்.

முற்காலத்தில் அத்துணைவர் பெரும்பாலும் சிறுவரே. பள்ளியில் இருக்கவேண்டிய கைகள் நாடாவைப் பிடித்திருந்தன. அவ்வழக்கம் குறைந்தது நல்லதே. ஆயின் அவ்விடத்தில் அமர இப்போது ஆள் கிடைப்பது அரிதாயிற்று. இளைஞர் பலர் திருப்பெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்குச் செல்கின்றனர். மாதக் கூலி தவறாது கிடைக்கும் இடத்தை நாடுவதைக் குறைகூற இயலுமோ? ஆள் குறைந்தமையால், துணைவரின்றி ஒருவரே நெய்யும் கோர்வையில்லாச் சேலைகள் பெருகின. 1985ஆம் ஆண்டுச் சட்டம் சில துணிவகைகளைக் கைத்தறிக்கே ஒதுக்கியது. 2005இல் காஞ்சிப் பட்டு புவிசார் குறியீடும் பெற்றது. எனினும் விசைத்தறிச் சேலை காஞ்சிப் பட்டு என்னும் பெயரோடு கடைக்கு வருவது நிற்கவில்லை.

தெருக்களும் மாறின. வண்டிகள் மிகுந்ததால், பாவு நீட்டுவோர் கதிர் எழுமுன் முளைகளை நட்டு, போக்குவரவு தொடங்குமுன் சுருட்டிக்கொண்டு வீட்டினுள் புகுகின்றனர்.