தம் கட்டக் கூடாத ஆழம்

கிணற்றில் கற்ற பாடம்

புதூர், விளாத்திகுளம், கோவில்பட்டி வட்டாரக் கரிசல் நிலத்தில் நீச்சல் என்பது பெரும்பாலும் கிணற்று நீச்சலே ஆகும். மேட்டிலிருந்து குதித்து, தம் கட்டி, அடிமண்ணைக் கையில் அள்ளிக்கொண்டு மேலே வருவதே அங்கு தேர்ச்சிக்கு அடையாளம். அந்த நிலத்தின் ஊடாகப் பாயும் வைப்பாறு சென்று சேரும் மன்னார் வளைகுடாவிலும் முத்தும் சங்கும் பல நூற்றாண்டுகளாக இதே தம்மை நம்பியே எடுக்கப்பட்டன. எனினும், முதுகில் காற்று உருளையைச் சுமந்து மூழ்கும் ஸ்கூபா முறையில், கிணறு கற்றுத்தந்த இந்தத் திறமையே உயிருக்கு உலை வைத்துவிடக் கூடும்.

காரணம் காற்றின் இயல்பில் உள்ளது. கடல்மட்டத்தில் ஒரு வளிமண்டல அழுத்தம் உடலின் மீது இருக்க, கீழே செல்லும் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் மேலும் ஒரு வளிமண்டலம் கூடுகிறது. மேலே இழுத்த மூச்சோடு 10 மீட்டர் ஆழம் சென்றவரின் நுரையீரற் காற்று பாதியளவாகச் சுருங்கி, அவர் திரும்பும்போது பழைய அளவுக்கே விரிவதால் தீங்கு நேர்வதில்லை. அதே ஆழத்தில் உருளையிலிருந்து நெஞ்சு நிறைய மூச்சிழுத்தவரோ, சுற்றியுள்ள நீரின் அழுத்தத்துக்குச் சமமான அடர்ந்த காற்றை உள்ளே வாங்கியிருக்கிறார். அவர் வழக்கப்படி தம் கட்டி மேலேறினால் அக்காற்று இரண்டு மடங்காக விரிய முயன்று நுரையீரலின் நுண்ணறைகளைக் கிழிக்கிறது, கிழிசல் வழியே குருதிக்குள் புகுந்த குமிழிகள் மூளைக்குச் செல்லும் நாளத்தையும் அடைத்துவிடலாம். நுரையீரல் நிரம்பியிருந்தால் ஒரு மீட்டரைச் சற்றே கடந்த ஆழத்திலிருந்து எழுவதுகூட இதற்குப் போதும் என்பதால், பயிற்சிக்குளத்திலும் இந்த ஆபத்து உண்டு. மூச்சை ஒருபோதும் நிறுத்தக் கூடாது என்பதே பயிற்சியின் முதல் விதியாக இருப்பது இதனால்தான்.

கல்லும் காற்றுச்சட்டையும்

முத்துக் குளித்தவர்கள் கீழே இறங்குவதற்குக் கயிற்றில் கட்டிய கனத்த கல்லில் கால் வைத்து இறங்கினர். ஏறுவதற்குத் தோணியில் நின்றவர் கயிற்றை இழுத்தார். தூத்துக்குடியை அடுத்த முத்துப்பார்களில் 1961இல் நடந்த கடைசி முத்துக்குளிப்பு வரை இந்த ஏற்பாடே நீடித்தது. பிரான்சில் 1943இல் கூஸ்தோ, கன்யான் ஆகிய இருவரும் உருவாக்கிய சுவாசக் கருவி பின்னர் இங்கும் வந்து சேர, 1960களில் எஸ். மகாதேவன், கே. நாகப்பன் நாயர் முதலிய மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலைய அறிவியலாளர்கள் அதனை அணிந்து முத்துப்பார்களை நேரில் ஆராய்ந்தனர்.

கல்லின் வேலையை இன்று ஈயக்கட்டிகளும், கயிற்றின் வேலையில் ஒரு பகுதியை மிதப்புச்சட்டையும் செய்கின்றன. பி.சி.டி. என்று மூழ்குநர்கள் அழைக்கும் இச்சட்டையின் உள்ளே ஒரு காற்றுப்பை உண்டு. பொத்தானை அழுத்தினால் உருளையிலிருந்து காற்று புகுந்து மிதப்பு கூடும், வெளியேற்றினால் குறையும். மிதக்காமலும் மூழ்காமலும் நடுநீரில் நிலைகொள்வதே இதன் நோக்கமாகும். மின்தூக்கியைப் போல இதில் காற்றை நிரப்பி மேலேற முற்படுபவரின் சட்டை, உயர உயரத் தானாகவே விரிந்து அவரைக் கட்டுக்கடங்காத விரைவில் மேலே தள்ளிவிடும். ஆகவே ஏறும்போது சிறிது சிறிதாகக் காற்றை வெளியேற்றிக்கொண்டு, நிமிடத்துக்கு 9 மீட்டரை மிஞ்சாமல் எழுந்து, 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் நின்று வருவது நல்லது.

எவ்வளவு ஈயம் கட்டுவது என்பதிலும் கணக்கு உண்டு. கடல்நீர் நன்னீரைவிட ஏறத்தாழ இரண்டரை விழுக்காடு அடர்ந்தது. உடலும் கருவிகளும் சேர்ந்து 100 கிலோ உள்ள ஒருவர் நன்னீரில் பழகிய அளவைவிடக் கடலில் சுமார் இரண்டரைக் கிலோ கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கும். உருளையில் உள்ள காற்றுக்கும் எடை உண்டு; நிரம்பிய உருளை தீரும் தறுவாயில் ஏறத்தாழ இரண்டு கிலோ இலேசாகிவிடுவதால், தொடக்கத்தில் சரியாக இருந்த எடை கடைசி நேரத்தில் போதாமற்போய், பாதுகாப்புக்காக நிற்க வேண்டிய 5 மீட்டரில் நிற்க முடியாமல் செய்துவிடும்.

உருளையில் இருப்பது

மூழ்குநர் ஆக்ஸிஜன் சிலிண்டருடன் இறங்கினார் என்று செய்தித்தாள்கள் எழுதுவது ஏறக்குறைய எப்போதும் பிழையாகும். பொழுதுபோக்கு மூழ்கலில் பொதுவாக உருளையில் அடைக்கப்படுவது வடிகட்டிய சாதாரணக் காற்றே. தூய ஆக்ஸிஜனைச் சுவாசித்துக்கொண்டு 6 மீட்டருக்குக் கீழே சென்றால் வலிப்பு ஏற்பட்டு நீரிலேயே உயிர் பிரியலாம்.

ரெகுலேட்டர் எனப்படும் சுவாசச் சீராக்கி இரு நிலைகளில் இயங்குகிறது. உருளையின் தலையில் பொருந்தும் முதல்நிலை, சுமார் 200 பார் அழுத்தத்தைச் சுற்றியுள்ள நீரைக் காட்டிலும் 10 பார் அளவே கூடுதலாக இருக்குமாறு குறைக்கிறது. வாயில் கவ்வும் இரண்டாம் நிலை, உள்மூச்சு இழுக்கும்போது மட்டும் திறந்து, அந்த ஆழத்துக்குரிய அழுத்தத்தில் காற்றைத் தருகிறது. 11 லிட்டர் உருளையில் 200 பார் அழுத்தத்தில் 2,200 லிட்டர் காற்று உண்டு. 50 பாரை இருப்பாக விட்டால் 1,650 லிட்டர் எஞ்சும். மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிப்பவருக்கு அது 10 மீட்டர் ஆழத்தில் சுமார் 40 நிமிடமும், 20 மீட்டரில் 27 நிமிடமுமே வரும். பதற்றத்தில் மூச்சு வாங்கினால் அதுவும் வராது.

காற்றின் தூய்மை தனிக் கவனத்துக்குரியது. நிரப்பும் கம்ப்ரசரின் உறிஞ்சுவாய் எஞ்சின் புகைக்கு அருகில் இருந்தால் நிறமோ மணமோ அற்ற கார்பன் மோனாக்ஸைடு உருளைக்குள் சேர்ந்துவிடும். 20 மீட்டர் ஆழத்தில் அதன் தாக்கம் மும்மடங்காகும். பஞ்சர் கடைக் கம்ப்ரசரின் காற்று எண்ணெய் ஆவி கலந்தது, சுவாசத்துக்கு உரிய வடிகட்டியும் அதில் இல்லை. குழாய் ஒன்றைப் பொருத்திவிட்டால் அதுவும் மூச்சுக் கருவிதான் என்று கருதுவது உயிரோடு விளையாடுவதாகும்.

கழுவ நல்ல தண்ணீர்

கருவிப் பராமரிப்பு உடல்நலத்தின் ஒரு பகுதியே என்பதற்கு மிதப்புச்சட்டையின் பொத்தானே சான்று: அதில் உறைந்த உப்புப் படிகம் பொத்தானை அழுந்திய நிலையிலேயே நிறுத்திவிட்டால் சட்டை ஊதிக்கொண்டே போய், மேலே விவரித்த கட்டற்ற ஏற்றத்தில் முடியும். எனவே ஒவ்வொரு மூழ்கலுக்குப் பின்னும் சட்டையை வெளியே கழுவியதோடு விடாமல், ஊதுவாய் வழியே உள்ளேயும் நன்னீர் ஊற்றிக் குலுக்கி வடித்து, பாதி ஊதிய நிலையில் நிழலில் உலர்த்த வேண்டும். ஈரம் தங்கிய பையில் பாக்டீரியாவும் பூஞ்சையும் வளர்வதால், அதிலுள்ள காற்றை வாயால் உறிஞ்சுவது நுரையீரல் நோய்க்கு வழி வகுக்கும்.

கரிசல் வட்டாரத்தில் ஒரு சிக்கல் உண்டு. பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீரே உவர்ப்பாக இருப்பதால், அதில் கழுவுவது உப்பை உப்பால் கழுவுவதாகும்; குடிப்பதற்குரிய நல்ல தண்ணீரில் ஒரு வாளியை இதற்கென ஒதுக்குவது, குடத்துக்கு வரிசையில் நிற்கும் ஊரில் எளிதன்று என்றாலும், தவிர்க்க முடியாதது. ரெகுலேட்டரை ஊறவைக்குமுன் முதல்நிலையின் மூடியை உலர்த்தி இறுக மூடுவதும், ஊறும்போது இரண்டாம் நிலையின் பொத்தானை அழுத்தாமலிருப்பதும், நீர் உள்ளே சென்று உலோகத்தை அரிக்காமல் காக்கும்.

வெயிலில் ரப்பர் வெடிக்கும். மூடிய வாகனத்தில் நிரம்பிய உருளையின் அழுத்தம் ஒவ்வொரு பாகை வெப்பத்துக்கும் ஏறத்தாழ 0.7 பார் ஏறும். ஈரம் புகுந்த எஃகு உருளை உள்ளே துருப்பிடித்தால், நெடுநாள் கிடப்பில் அத்துரு உருளையின் ஆக்ஸிஜனையே தின்றுவிடும் என்பதால், உருளையை முற்றிலும் காலியாக்காமல் சிறிது அழுத்தம் விட்டு வைப்பதும், ஆண்டுக்கொரு முறை உட்புறத்தைச் சோதிப்பதும் வழக்கம். ரெகுலேட்டரையும் ஆண்டுதோறும் பயிற்சி பெற்றவரே பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஊர் திரும்பிய பின் வரும் வலி

அழுத்தத்தில் குருதியிலும் திசுக்களிலும் கரைந்த நைட்ரஜன், விரைந்து மேலேறுபவரின் உடலில் சோடாப் புட்டியைத் திறந்தாற்போலக் குமிழிகளாக வெளிப்படுவது அழுத்தக் குறைவு நோய் எனப்படும். மூட்டுவலி, மரத்துப்போதல், தலைசுற்றல், சிறுநீர் கழிக்க இயலாமை ஆகியவை இதன் அறிகுறிகள். பெரும்பாலும் சில மணி நேரத்திலும், அரிதாக ஒரு நாள் கழித்தும் இவை தோன்றலாம். தூத்துக்குடியில் காலையில் மூழ்கியவர் மாலையில் கோவில்பட்டி வீட்டில் தோள்வலியை உணர்ந்து, சுளுக்கு என்று எண்ணி எண்ணெய் தேய்த்துப் படுத்துவிடுவது இதனால் நிகழக்கூடியதே. மறுநாள் மலையில் ஓய்வெடுக்கலாம் என்று அன்றே கொடைக்கானல் ஏறுவதும், விமானம் ஏறுவதும், அழுத்தம் மேலும் குறைவதால் நோயைத் தூண்டும். ஒரு மூழ்கலுக்குப் பின் குறைந்தது 12 மணி நேரமும், பல மூழ்கல்களுக்குப் பின் 18 மணி நேரமும் விமானப் பயணத்தைத் தள்ளிப்போடுமாறு மூழ்கு மருத்துவ வழிகாட்டுதல்கள் கூறுகின்றன.

அறிகுறி தோன்றியவரை மட்டமாகப் படுக்கவைத்து, கிடைக்கும் ஆக்ஸிஜனை முகமூடி வழியே உடனே தந்து, 108 வண்டியை அழைத்து, உயரழுத்தச் சிகிச்சை அறை உள்ள மருத்துவமனைக்கு அனுப்ப ஏற்பாடு செய்ய வேண்டும். வலி தணிந்தாலும் ஆக்ஸிஜனை நிறுத்தலாகாது. கடலிலிருந்து தொலைவிலுள்ள ஊரில் மருத்துவர் மூழ்கலைப் பற்றித் தாமாகவே கேட்க மாட்டார் என்பதால், எத்தனை மீட்டர் ஆழத்தில் எத்தனை நிமிடம், எத்தனை முறை, கடைசியாக எப்போது மேலே வந்தார் என்பவற்றை நோயாளியோ உடன் வந்தவரோ முதல் வார்த்தையிலேயே அவரிடம் சொல்லிவிட வேண்டும்.