கயிறு திரும்பாத ஸ்டார்ட்டர்: பழுதும் பரிகாரமும்

நொய்யலாற்றங்கரையில் அமைந்த சாமளாபுரம் பகுதியில் தறியும் தோட்டமும் அடுத்தடுத்து இருப்பவை. தோட்டத்தில் களையெடுக்கும் பவர் வீடர், புல் வெட்டும் யந்திரம், மருந்து தெளிக்கும் பவர் ஸ்பிரேயர், தறிக்கூடத்தில் மின்சாரம் நின்றபோது விளக்கெரிக்கும் சிறு ஜெனரேட்டர் ஆகியவை இன்று அங்கத்தினர் பலரிடம் உள்ளன. இவற்றுள் பெரும்பாலானவை கயிற்றை இழுத்து ஓட்டத் தொடங்குபவை. மழை பெய்து களை முளைத்த சமயத்தில் அக்கயிறு சிக்கிக்கொண்டால் இரண்டு நாள் வேலை கெடும். களையோ நமக்காகக் காத்திராது.

கயிறு சிக்கியவுடன் இன்னும் பலமாக இழுத்துப் பார்ப்பதே பலரின் வழக்கம். அதனால் கயிறு அறும், கப்பி வெடிக்கும், தோள்பட்டையும் பிசகும். ஸ்டார்ட்டரின் பழுதுகளிற் பல, அழுக்கினாலோ முறுக்குக் குறைவினாலோ வருபவை. நிதானமாகப் பார்த்தால் ஒரு மணி நேரத்தில் நாமே அவற்றைச் சீர்செய்துகொள்ளலாம்.

அமைப்பு

1909-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஓலே எவின்ரூட் என்பவர் விற்பனைக்குக் கொண்டுவந்த படகு மோட்டாரில் கயிறு கிடையாது. பிளைவீலின் மேலிருந்த குமிழைக் கையால் சுழற்ற வேண்டும். பின்னர்க் கயிற்றை ஒவ்வொரு முறையும் கையால் சுற்றி இழுக்கும் முறை வந்தது. அதன்பின் கயிற்றைத் தானே சுற்றிக்கொள்ளும் ஸ்டார்ட்டர் ஏற்பட்டது. நம் கடற்கரைகளில் மீனவர்கள் படகில் மாட்டும் மோட்டாரிலும், நம் தோட்டத்துப் பவர் வீடரிலும் இருப்பது ஒரே தத்துவந்தான். அங்கே உப்பு அதனைக் கெடுக்கிறது. இங்கே சேறும் பஞ்சுத் தூசியும் கெடுக்கின்றன.

மூடிக்குள் ஒரு கப்பி, அதன்மேல் கயிறு, அதன் அடியில் கடிகாரத்தில் உள்ளது போன்ற தட்டையான சுருள்வில். கயிற்றை இழுக்கும்போது கப்பி சுழல, சிறு கொக்கிகள் வெளியே நீண்டு எஞ்சினைப் பற்றிச் சுழற்றுகின்றன. கயிற்றைத் தளர்த்தியதும் கொக்கிகள் உள்ளே அடங்க, சுருள்வில் கயிற்றைத் திரும்பச் சுற்றுகிறது.

பழுது எங்கே?

முதலில் பெட்ரோல் குழாயை மூடி, எஞ்சின் ஆறியபின் ஸ்பார்க் பிளக்கின் மேலுள்ள ஒயரைக் கழற்றி விடுக. பின்பு ஸ்டார்ட்டரை மூடியோடு கழற்றித் தனியே இழுத்துப் பார்க்க வேண்டும்.

தனியே இழுக்கும்போது தடையின்றி ஓடித் திரும்பினால் ஸ்டார்ட்டரில் குற்றமில்லை. பிளைவீலைக் கையால் திருப்பிப் பார்க்க வேண்டும். அசையாவிடில் பிளக்கைக் கழற்றி மீண்டும் திருப்புக. அப்போது சுழன்று, துளை வழியே பெட்ரோலோ ஆயிலோ பீறிட்டால் அதுவே தடை. அருகில் நெருப்பு கூடாது. துளைக்கு நேரே முகம் வைத்தலும் கூடாது. பிளக்கின்றியும் சுழலாவிடில் மெக்கானிக்கிடம் கொண்டுபோவதே முறை.

கயிறு இலேசாக வந்தும் எஞ்சின் சுழலவில்லையெனில் கொக்கிகள் அழுக்கில் ஒட்டிக் கிடக்கின்றன. கயிறு பாதியில் நின்றால் முறுக்குக் குறைவோ, நைந்த கயிறோ, அழுக்கோ காரணம். சிறிதும் திரும்பாவிடில் சுருள்வில் ஒடிந்திருக்கலாம்.

கழற்றும் முறை

இங்கேதான் மிகுந்த ஜாக்கிரதை வேண்டும். கயிறு வெளியே சிக்கி நிற்கும்போது, உள்ளே சுருள்வில் முழு முறுக்குடன் இருக்கக்கூடும். அதை அப்படியே திறந்தால் வில் பாய்ந்து விரலையோ கண்ணையோ தாக்கும். கண்ணாடியும் தடித்த கையுறையும் அணியாமல் இவ்வேலையில் இறங்கக் கூடாது.

கப்பியைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து, அதன் விளிம்பிலுள்ள பள்ளத்தில் கயிற்றை மாட்டி, முறுக்கு முழுவதும் தீரும்வரை மெல்ல மெல்லப் பின்னே சுழல விடுக. அதன் பின்னரே நடு போல்ட்டைக் கழற்ற வேண்டும். பாகங்கள் இருந்த நிலையைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்வது நன்று. கப்பியைச் சற்றே ஆட்டி, வில் மூடியிலேயே தங்கும்படி மெதுவாகத் தூக்குக.

சுத்தமும் புதுக் கயிறும்

கொக்கிகளையும் கப்பியையும் மண்ணெண்ணெயில் தோய்த்த பிரஷ்ஷால் துடைத்து உலர்த்துக. தறிக்கூடத்து ஜெனரேட்டரில் பஞ்சுத் தூசி கிரீஸோடு கலந்து கம்பளம்போல் இறுகியிருக்கும். அதைச் சுரண்டி எடுக்க வேண்டும். சுருள்வில்லுக்கு மெல்லிய பூச்சாகக் கிரீஸ் போதும். கொக்கிகளுக்குக் கிரீஸ் இடலாகாது. அதுவே மறுபடி தூசியைப் பிடித்து ஒட்டவைக்கும்.

கயிறு நைந்திருந்தால், பழையதன் பருமனும் நீளமும் உள்ள நைலான் ஸ்டார்ட்டர் கயிற்றையே வாங்குக. பருமன் கூடினால் கப்பியில் இறுகிச் சிக்கும். வெட்டிய முனைகளை நெருப்பில் காட்டி உருக்கினால் பிரியாது. இதனை மண்ணெண்ணெய், பெட்ரோல் இருக்கும் இடத்திற்கு அப்பால் செய்ய வேண்டும்.

முறுக்கேற்றுதல்

கப்பியை வில்லின் முனையில் மாட்டிப் பொருத்தியபின், கயிற்றைப் பள்ளத்தில் வைத்து, இழுக்கும் திசையில் கப்பியை இரண்டு அல்லது மூன்று சுற்று திருப்புக. யந்திரத்தின் புத்தகத்தில் வேறு கணக்குத் தந்திருந்தால் அதுவே பிரமாணம். நூலுக்கு முறுக்குக் குறைந்தால் இழை பிரியும். மிகுந்தால் சுருண்டு அறும். வில்லின் கதையும் அதுவே. கயிற்றை முழுவதும் இழுத்த நிலையிலும் கப்பி இன்னும் அரைச் சுற்றேனும் திரும்ப இடமிருக்க வேண்டும். இடமில்லையேல் முறுக்கு மிகை. ஒரு சுற்றுக் குறைக்க வேண்டும்.

மூடியைப் பொருத்தும்போது போல்ட்டுகளை முதலில் தளர்வாகவே வைக்க வேண்டும். கயிற்றை மெல்ல இழுத்தால் கொக்கிகள் எஞ்சினைப் பற்றி மூடியைத் தாமே நடுவில் நிறுத்தும். அப்பொழுது போல்ட்டுகளை இறுக்குக. பிறகே ஒயரை மாட்ட வேண்டும்.

மீண்டும் பழுதாகாமலிருக்க

கயிற்றை முதலில் மெதுவாக இழுத்து, தடை தட்டுப்படும் இடத்தில் நிறுத்தி, பின்பு விரைந்து நேராக இழுக்க வேண்டும். கடைசி வரை இழுத்தலும், கைப்பிடியைச் சட்டென்று விட்டுவிடுதலும் வில்லை ஒடிக்கும். கையோடு கூடவே உள்ளே செல்ல விடுக. வேலை முடிந்ததும் மூடியின் துவாரங்களிலுள்ள சேற்றையும் பஞ்சையும் துடைத்து வைக்க வேண்டும்.

ஒரே வகை யந்திரம் வைத்திருக்கும் அங்கத்தினர் நால்வர் சேர்ந்து, ஒரு சுருள்வில்லும் சில கஜம் கயிறும் ஒரு பாதுகாப்புக் கண்ணாடியும் பொதுவில் வாங்கி வைத்தால் செலவு சிறிதாகும். அவர்களுள் ஒருவர் கழற்றும்போது மற்ற மூவரும் உடனிருந்து பார்த்தால், அடுத்த பருவத்தில் நான்கு வீடுகளிலும் இவ்வேலை தெரிந்தவர் இருப்பர்.