பழைய வீட்டுக் கணிப்பொறியைப் பயிலும் முறை

கைப்பேசி ஒன்றே நூலகமும் கடிகாரமும் விளையாட்டரங்கும் ஆகிவிட்ட இந்நாளில், நாற்பது ஆண்டுகட்கு முற்பட்ட கணிப்பொறி ஒன்றை இயக்கி, அதற்கென எழுதப்பட்ட ஆட்டங்களை ஆடி இன்புறுவார் உளர் என்றால், நம் மாணவருட் சிலர் நகைப்பர். "புதியது கையிலிருக்கப் பழையது எதற்கு?" என்பது அவர்தம் வினா. அவ்வினாவிற்கு விடை கூறுதலும், விரும்பினார் அதனை எங்ஙனம் பயிலலாம் என்று காட்டுதலுமே இக்கட்டுரையின் நோக்கமாம்.

ஈண்டு வீட்டுக் கணிப்பொறி என்றது, 1980-களில் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து இயக்கப்பெற்ற சிறு பொறியினை. விசைப்பலகையும் அதன் அடியில் மூளையும் ஒரே பேழையுள் அடங்கியிருக்கும். இங்கிலாந்தில் ஆக்கார்ன் நிறுவனத்தார் செய்த பி.பி.சி. மைக்ரோ 1981 டிசம்பரிலும், சிங்க்ளேர் நிறுவனத்தாரின் ஸ்பெக்ட்ரம் 1982 ஏப்ரலிலும் வெளிவந்தன. முன்னதன் 'பி' வகைக்கு நினைவகம் 32 கிலோபைட். பின்னதற்கு 16 அல்லது 48. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரே புகைப்படம் இவற்றைப் பன்மடங்கு விஞ்சும்.

இவை நம் நாட்டிற்கு முற்றும் புதியன அல்ல. 1984-இல் நடுவண் அரசினர் 'கிளாஸ்' என்னும் பள்ளிக் கணிப்பொறிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியபோது, ஏறக்குறைய 250 பள்ளிகட்கு முதற்கண் வழங்கப்பெற்றது பி.பி.சி. மைக்ரோவே. மொகாலியிலிருந்த செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் என்னும் அரசு நிறுவனத்தோடு ஆக்கார்ன் இதன்பொருட்டு உடன்படிக்கை செய்துகொண்டது. ஸ்பெக்ட்ரமையும் டெசிபெல்ஸ் என்னும் நிறுவனத்தார் 1986-இல் உரிமம் பெற்று இந்தியாவில் விற்றனர். எனினும், பள்ளியிற் பூட்டிய அறையுள் வைத்துக் காத்த பொறி வீட்டுப் பொறி ஆகாது. கொங்கு நாட்டில் ஆலைத் தொழிலாளர் இல்லங்களிலும் தோட்டத்து வீடுகளிலும் இவை பெரும்பாலும் நுழையவே இல்லை.

ஆகலின், ஆங்கிலேயர் இவற்றை நாடுதற்குக் காரணமாகிய இளமை நினைவு நமக்கு இல்லை. இதனைக் குறையென்பாரும் உளர். யான் நன்மையென்றே கொள்வேன். விசயமங்கலத்துக் கொங்குவேளிர் இயற்றிய பெருங்கதையை இன்று ஓதுவார், தம் பிள்ளைப் பருவத்தை நினைந்து ஓதுகின்றாரில்லை. நூலின் சுவை பற்றியே ஓதுகின்றனர். பழங்கணிப்பொறியின் நிரல்களையும் அங்ஙனமே அணுகலாம். அவற்றுள் சுவையுண்டோ என்பதே கேள்வி.

உண்டு என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். 1984-இல் பி.பி.சி. மைக்ரோவிற்கென 'எலைட்' என்னும் ஆட்டம் வெளிவந்தது. இயற்றியோர் டேவிட் பிரேபன், இயன் பெல் என்னும் கேம்பிரிட்ஜ் மாணவர் இருவர். நம்மை ஒத்த வயதினர். ஆடுவோன் ஒரு விண்கலத்தின் தலைவன். ஓர் உலகில் சரக்கு வாங்கி மற்றோர் உலகில் விற்றுப் பொருள் ஈட்டுவான். வழியிற் கொள்ளையரோடு பொருவான். கலங்களெல்லாம் கோடுகளால் ஆய வடிவங்களே. ஆயினும் அவை அண்மையில் வரும்போது பெருகியும் சேய்மையிற் செல்லும்போது சுருங்கியும், உண்மையாகவே வெளியில் மிதப்பன போலத் தோன்றும்.

வியப்பு யாதெனின், ஆட்டத்தில் 8 விண்மீன் மண்டலங்களும், மண்டலம் ஒன்றுக்கு 256 உலகங்களுமாக 2048 உலகங்கள் உள்ளன. ஒவ்வொன்றற்கும் தனிப்பெயர், தனி அரசு, தனிச் செல்வநிலை. இவற்றை எழுதி வைக்க 32 கிலோபைட்டில் இடம் ஏது? திரையில் உருக்காட்டுதற்கே அதில் ஒரு பகுதி செலவாகிவிடுமே! எனவே அவர் எழுதி வைத்திலர். மூன்று எண்களை மட்டும் வித்தாக வைத்து, அவற்றை ஒரு விதிப்படி கூட்டியும் சுழற்றியும், வேண்டும்போது வேண்டிய உலகைப் பிறப்பித்துக்கொண்டனர். விதி மாறாமையால் அவ்வுலகு எந்நாளும் அவ்வுலகாகவே பிறக்கும். உயிர் பன்னிரண்டையும் மெய் பதினெட்டையும் வைத்துக்கொண்டு 216 உயிர்மெய்யையும் விதியாற் பெறும் நம் இலக்கண நெறி இங்கே நினைவுக்கு வருதல் இயல்பு. இடம் மிக்க இக்காலப் பொறியில் இத்தகைய சுருக்கத்திற்கு எவரும் வருந்துவதில்லை. சுருக்கத்தின் சுவையைக் காண வேண்டுமாயின் பழம்பொறிக்கே செல்ல வேண்டும்.

இனி, அதனை ஆடும் வழி. பழம்பொறி கைக்கு எட்டாதவர்க்கு 'எமுலேட்டர்' உண்டு. அஃதாவது, பழைய மூளைச்சில்லுக்கென எழுதிய கட்டளைகளை ஒவ்வொன்றாகப் படித்து, அச்சில்லு செய்திருக்கும் செயலையே செய்து காட்டும் ஒரு புதுநிரல். பி.பி.சி. மைக்ரோவிற்கு 'பீப்எம்' என்பதும், இணைய உலாவியிலேயே இயங்கும் 'ஜேஎஸ்பீப்' என்பதும், ஸ்பெக்ட்ரமிற்கு 'ஃபியூஸ்' என்பதும் விலையின்றிக் கிடைக்கும். விடுதியிலுள்ள எளிய கணினியும் இவற்றிற்குப் போதும்.

ஈண்டு ஒரு நுட்பம் கருதத்தக்கது. எமுலேட்டர் செயலை மட்டுமன்றிக் காலத்தையும் போலச் செய்தல் வேண்டும். எலைட்டின் திரையில் மேற்பகுதி கருமையும் வெண்மையுமாய் நுண்ணிய கோடுகளைக் காட்டும்; கீழ்ப்பகுதி வண்ணம் உடையது, ஆனால் நுண்மை குறைந்தது. அப்பொறியின் ஓர் அமைப்பில் இவ்விரண்டும் ஒருங்கு இயலா. தொலைக்காட்சி தன் திரையை ஒரு நொடிக்கு 50 முறை மேலிருந்து கீழாக வரையும்போது, உரிய வரியை அடைந்த கணத்தில் நிரல் அமைப்பை மாற்றிவிடுகின்றது. கணம் தவறின் படம் குலையும். எழுத்து ஒன்றும் பிழையாது ஓதினும் அளபு தவறின் பாட்டுக் கெடுதல் போல்வது இது. நாடாவினின்று ஆட்டத்தை ஏற்றும் ஓசையும் அத்தகையதே. நொடிக்கு 120 பைட் வீதம் 20 கிலோபைட் ஏற ஏறக்குறைய மூன்று நிமிடமாகும். எமுலேட்டரில் இக்காத்திருத்தலை நீக்கிவிடலாம். ஒருமுறையேனும் நீக்காது இருந்து கேட்குமாறு வேண்டுவேன். அக்காலத்தார் ஓர் ஆட்டத்தை எளிதிற் கைவிடாது பலநாள் ஆடியதன் காரணம் விளங்கும்.

மெய்ப்பொறியையே பெற்றார்க்கு நம் நாட்டில் ஒரு வசதி உண்டு. இங்கிலாந்தைப் போலவே இங்கும் மின்னோட்டம் 50 சுழற்சியினது. பழைய தொலைக்காட்சிப் பெட்டிகளும் அந்நாட்டு 'பால்' முறையினவே. ஆனால், நெடுங்காலம் உறங்கிய பி.பி.சி. மைக்ரோவை உடனே மின்னோடு இணைத்தலாகாது. அதன் மின்வழங்கியிலுள்ள கண்டென்சர்கள் மேலுறை வெடித்து ஈரம் ஏற்றிருக்கும். இணைத்த சில நிமிடங்களிற் புகை கக்கும். முன்னரே மாற்றிவிடுதல் நன்று. கிணற்று மோட்டாருக்குக் கண்டென்சர் மாற்றிப் பழகிய கோவைப் பட்டறைக்காரர்க்கு இஃது ஒரு பொருட்டன்று. ஆயினும் வீட்டு மின்சாரம் பாயும் இடமாகலின், அறியாதார் கைவைத்தல் கூடாது.

அவிநாசி சாலையிலுள்ள ஜீடீ கார் அருங்காட்சியகத்தில் பழைய மோட்டார் வண்டிகளை நாம் கண்டு மகிழ்கின்றோம். ஓட்டாவிடினும் வண்டியின் வடிவம் பேசும். கணிப்பொறி அத்தகையதன்று. இயங்காதவழி அஃது ஒரு மங்கிய பேழையே. அதன் பொருள் முழுவதும் நிரலில் உள்ளது. நிரலோ காந்த நாடாவில் உள்ளது. நாடாவோ நம் தட்பவெப்பத்திற் பூஞ்சை பிடித்து அழிவது.

ஈண்டு நேரும் இடர்ப்பாடு பெரிது. நம் பதிப்புரிமைச் சட்டம் கணிப்பொறி நிரலை இலக்கியப் படைப்புகளுள் ஒன்றாகவே வைத்து எண்ணுகின்றது. தமிழ் மாணவர்க்கு இஃது உவகை தரும் செய்தி. ஆனால் இலக்கியமாகவே, ஆசிரியர் இறந்து 60 ஆண்டு கழியுமளவும் உரிமை நிற்கும். நாடா அவ்வளவு காலம் நில்லாது. உரிமை முடியும்வரை எவரும் படியெடாதிருப்பின், உரிமை முடிந்த நாளிற் படியெடுக்கப் பொருளே இராது. உரியவரே மனம் வைத்தல் ஒரு வழி. சிங்க்ளேரின் கணிப்பொறி உரிமையை 1986-இல் வாங்கிய ஆம்ஸ்ட்ராட் நிறுவனத்தார், ஸ்பெக்ட்ரமின் உள்நிரலை எமுலேட்டர்களோடு வழங்கலாம் என்று 1999-இல் இசைந்தனர். எல்லாரும் அங்ஙனம் இசையவில்லை. பல நிறுவனங்கள் கலைந்து, உரியவர் யார் என்பதே விளங்காத ஆட்டங்கள் பல. பெருங்கதையை உ.வே. சாமிநாதையர் 1924-இல் பதிப்பித்தபோது அதன் தொடக்கமும் இறுதியும் கிடைத்தில. படியெடுப்பார் இன்மையால் நேர்ந்த இழப்பு எத்தகையது என்பதை நம் கொங்கு நாட்டார்க்குப் பிறர் சொல்ல வேண்டுவதில்லை.

பிறர் எழுதியவற்றை ஆடுதலோடு நில்லாது தாமே எழுதிப் பார்த்தலும் இப்பயிற்சியின் பகுதியாம். பி.பி.சி. மைக்ரோவை இயக்கியவுடன் அது 'பேசிக்' என்னும் மொழியில் நம் கட்டளையை எதிர்நோக்கி நிற்கும். இடையில் வேறு வாயில் இல்லை. முதல் முயற்சியாக ஒன்று கூறுவேன். தொடங்கும்போது பொறி 7-ஆம் திரையமைப்பில் இருக்கும். அதில் இது செல்லாது. 'மோட் 4' என்று அமைப்பை மாற்றிக்கொள்க. பின்னர் 'வி.டி.யு. 23' என்னும் கட்டளையால், எட்டுக்கு எட்டுக் கட்டத்துள் நாம் விரும்பும் எழுத்தை வரையலாம். வரிக்கு ஓர் எண்ணாக எட்டு எண்கள் தருதல் வேண்டும். 64 என்பதை ஆறு முறையும், பின் 126-ஐயும் 0-வையும் தந்தால் 'ட' தோன்றும். ஆறு 64-க்கும் மாற்றாக ஆறு 66 தந்தால் 'ப'. இவ்விரண்டோடு 'ம்' ஒன்று சேர்த்து, 'படம்' என்பதே யான் திரையில் எழுதிய முதற்சொல்.

இவ்வாறு வரைதற்கு முதற்கண் ஒதுக்கப்பட்ட இடங்கள் 224 முதல் 255 வரை, 32. நம் முதலெழுத்துக்கள் 30. ஆய்தம் சேர 31. எண்ணிக்கை பொருந்துகின்றது என்று மகிழ்வதற்குள் அகலம் தடுக்கின்றது. 'ண', 'ஞ', 'ஐ' ஆகியன ஒரு கட்டத்துள் அடங்கா. ஒவ்வொன்றற்கும் இரண்டு வேண்டும். கொம்பும் காலும் இன்னும் எஞ்சியுள்ளன. வேறொரு கட்டளையால் மேலும் இடம் பெறலாம். ஆனால் அவ்விடம் அதே 32 கிலோபைட்டினின்றே எடுக்கப்படும். எவ்வெழுத்திற்கு இடந்தந்து எதனை விடுவது என்று யான் கணக்கிட்டுக்கொண்டிருக்கின்றேன். 'ஔ' மட்டும் தொல்லை தரவில்லை. 'ஒ'வையும் 'ள'வையும் அடுத்தடுத்து அச்சிட்டால் முடிந்தது.