வார்ஃபரின் தொடங்கிய பின்னும் ஊசி ஏன்?

காலில் இரத்தக் கட்டி ஏற்பட்டவருக்கு வார்ஃபரின் மாத்திரை தொடங்கிய பின்னும் ஹெப்பாரின் ஊசி தொடர்கிறது. “மாத்திரைதான் இருக்கிறதே, ஊசி எதற்கு?” என்று பலர் கேட்பதுண்டு.

இரத்தத்தை உறைய வைக்கும் சில புரதங்களுக்கும், உறைவதைத் தடுக்கும் ‘சி’, ‘எஸ்’ புரதங்களுக்கும் வைட்டமின் கே தேவை. ‘சி’ புரதம் இரத்தக் குழாயின் உட்சுவர் உயிரணுக்களின் மேல்தான் செயல்படத் தொடங்குகிறது. ‘எஸ்’ புரதத்தில் ஒரு பகுதியை அந்த உயிரணுக்களே தயாரிக்கின்றன.

வார்ஃபரின் வைட்டமின் கேயின் வேலையை முடக்குவதால் இரு தரப்பும் குறைகின்றன. ஆனால் ‘சி’ விரைவில் குறைந்துவிடும். உறைய வைக்கும் புரோத்ரோம்பின் குறையச் சில நாட்களாகும். அந்த இடைவெளியில் புதிய கட்டி உருவாகும் ஆபத்து உண்டு.

அதனால்தான் குறைந்தது 5 நாட்கள், இரத்தப் பரிசோதனையில் ஐ.என்.ஆர். அளவு 2ஐ எட்டி நிலைக்கும் வரை, ஊசியும் போடப்படுகிறது. மருத்துவர் சொல்லும் முன் அதை நிறுத்தக்கூடாது.