மந்திரத்துக்கும் கூப்பன் உண்டு



எங்கள் வானொலியின் மாதாந்த உரைகளில் சட்டம், சுகாதாரம், வீட்டுக்கடன் என்று பலதையும் கேட்டிருப்பீர்கள். இம்முறை ஒரு விளையாட்டைப் பற்றிச் சொல்லப்போகிறேன். பிள்ளைகள் நாலைந்து பேர் சனிக்கிழமை பின்னேரங்களில் ஒரு மேசையைச் சுற்றி இருந்து, விசித்திரமான தாயக்கட்டைகளை உருட்டி, வீரன் என்றும் மந்திரவாதி என்றும் கதைத்துக்கொண்டிருப்பதை உங்களிற் பலர் கண்டிருப்பீர்கள். நூலகம் ஒன்றின் பின்னறையில் நானும் மூன்று வருடமாக ஐந்து பிள்ளைகளுக்கு இதை நடத்தி வருகிறேன். ஒரு தாயார் என்னிடம் கேட்டார்: "தம்பி, எல்லாத்தையும் மந்திரத்தால செய்யலாம் எண்டால் பிறகு விளையாட என்ன இருக்கு?"

நல்ல கேள்வி. இந்த விளையாட்டை எழுதியவர்களும் ஐம்பது வருடமாக இதற்குத்தான் பதில் தேடி வருகிறார்கள்.

விளையாட்டு எப்படிப்பட்டது?

பெயர் 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்'. 1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்தது. கரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் உருவாக்கியது. கணினி தேவையில்லை. தாள், பென்சில், தாயக்கட்டைகள் போதும். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் எடுப்பார்கள்: வாள்வீரன், மந்திரவாதி, பதுங்கி நுழைபவன், காயம் ஆற்றும் பூசகர். "கதவைத் திறக்கிறேன்" என்று பிள்ளை சொன்னால், உள்ளே என்ன இருக்கிறது என்று நடத்துநர் சொல்வார். முடியுமா முடியாதா என்ற சந்தேகம் வரும் இடத்தில் 20 முகக் கட்டை தீர்ப்புச் சொல்லும்.

வாள்வீரன் வாளை எத்தனை தடவையும் வீசலாம். மந்திரவாதிக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. முதற் பதிப்பில், ஆரம்ப நிலை மந்திரவாதிக்கு நாளொன்றுக்கு ஒரேயொரு மந்திரம்தான்.

இந்த எண்ணம் ஜாக் வான்ஸ் என்ற அமெரிக்க எழுத்தாளரிடம் இருந்து வந்தது. 1950இல் வெளிவந்த 'த டையிங் ஏர்த்' கதைகளில், மந்திரவாதி புத்தகத்தைப் படித்து மந்திரத்தை மனதில் ஏற்றிக்கொள்வான். ஒருமுறை சொன்னதும் அது மனதை விட்டு அழிந்துபோகும். திரும்பவும் புத்தகத்தைத் திறக்க வேண்டும். எவ்வளவு பெரிய மந்திரவாதியின் மனதிலும் ஒரே நேரத்தில் சில மந்திரங்களுக்கு மேல் கொள்ளாது. வான்ஸிடம் பட்ட கடனைக் கைகாக்ஸ் வெளிப்படையாகவே சொன்னவர். இந்த விளையாட்டில் வரும் 'வெக்னா' என்ற கொடிய மந்திரவாதியின் பெயர், வான்ஸ் என்ற பெயரின் ஆங்கில எழுத்துக்களை இடம்மாற்றி வைத்தது.

கூப்பன் கணக்கு

ஊரில் சங்கக்கடைக் கூப்பனோடு வரிசையில் நின்றவர்களுக்கு இன்றைய விதி உடனே விளங்கும். ஐந்தாம் நிலையை அடைந்த மந்திரவாதியிடம் முதலாந்தரக் கூப்பன் 4, இரண்டாந்தரம் 3, மூன்றாந்தரம் 2 இருக்கும். பெரிய நெருப்புக்கோளம் மூன்றாந்தர மந்திரம். அந்த வட்டத்துக்குள் நிற்கும் எல்லோரையும் அது சுடும், நண்பன் நின்றால் நண்பனையும். பெரிய கூப்பனைக் கொடுத்துச் சின்ன மந்திரம் வாங்கலாம். சின்னதைக் கொடுத்துப் பெரியது வாங்க முடியாது. கூப்பன் கேட்காத சில்லறை மந்திரங்களும் உண்டு. எட்டு மணித்தியாலம் நீண்ட ஓய்வு எடுத்தால் அட்டை புதிதாகும்.

இந்தக் கட்டுப்பாடு எதற்கு? கர்ணனை நினைத்துப் பாருங்கள். கவச குண்டலத்தைக் கொடுத்து இந்திரனிடம் பெற்ற சக்தி ஆயுதம் ஒரே ஒரு முறைதான் பயன்படும். அருச்சுனனுக்கென்று அதைப் பொத்தி வைத்திருந்தான். பதினான்காம் நாள் இரவுப் போரில் கடோற்கசன் கௌரவர் சேனையை அழித்தபோது, அவன்மேல் எறியவேண்டி வந்தது. அந்த ஆயுதம் நாளுக்குப் பத்துத் தடவை எறியக்கூடியது என்றால், அந்த இரவில் கர்ணனுக்கு யோசிக்க ஒன்றுமே இருந்திராது. இப்போதா, பிறகா, இவனுக்கா, அவனுக்கா என்ற யோசனைதான் விளையாட்டு. அந்தத் தாயாருக்கும் நான் இதைத்தான் சொன்னேன்.

பதினைந்து நிமிட நாள்

ஆனால் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். முதற் சண்டையிலேயே எல்லாக் கூப்பனையும் கொட்டிவிட்டு, "நாங்கள் இனிப் படுக்கப்போறம்" என்பார்கள். கதையில் காலை ஒன்பது மணிதான் ஆகியிருக்கும். எழும்பும்போது எல்லாம் முழுதாக இருக்கும். அடுத்த சண்டையிலும் அதே கதை. இதை விளையாடுபவர்கள் 'பதினைந்து நிமிட நாள்' என்று பகிடியாகச் சொல்வார்கள்.

பகிடி ஒருபக்கம் இருக்க, மேசையில் ஒரு பிள்ளைக்கு இது நேரடி நட்டம். வாள்வீரனின் பலமே தீர்ந்துபோகாமல் நிற்பதுதான். யாருக்கும் எதுவும் தீராவிட்டால் அந்தப் பலத்துக்குப் பெறுமதி இல்லை. எங்கள் மேசையில் வாள்வீரனை எடுத்தவன் அதிகம் கதைக்காத பையன். இந்த நாட்டுக்கு வந்து அப்போது ஒன்றரை வருடம்தான். மற்றவர்கள் ஒவ்வொரு அறைக்குப் பிறகும் நித்திரை கொண்ட நாட்களில், அவனுடைய முறை வருவதற்குள் சண்டை முடிந்துவிடும். மூன்று மணித்தியாலத்தில் நாலைந்து தடவை கட்டை உருட்டிவிட்டு வீட்டுக்குப் போவான்.

அடுத்த சனிக்கிழமை கதையில் ஒரு கெடு வைத்தேன். பொழுது சாய்வதற்குள் சிறைப்பட்ட ஊர்ச்சனத்தை மீட்க வேண்டும். படுக்க நேரமில்லை. நாலாவது சண்டையில் மந்திரவாதியிடம் ஒரு கூப்பனும் இல்லை. ஐந்தாவதில் பூசகரும் வெறுங்கை. சனத்தைப் பாலத்தால் கடத்தும்போது எதிரிகள் பின்னால் வந்தார்கள். "நீங்கள் போங்கோ, நான் நிக்கிறன்" என்றான் அந்தப் பையன். அன்று அவன் கட்டை உருட்டிய ஒவ்வொரு தடவையும் மற்ற நாலு பேரும் எழுந்து நின்று பார்த்தார்கள். விதியில் ஒரு எழுத்தும் மாறவில்லை. ஓய்வுக்கும் ஓய்வுக்கும் இடையிலான தூரம் மட்டும் மாறியது.

எத்தனை கூப்பன் என்பது பாதிக் கணக்கு. ஓர் அட்டையை வைத்து எத்தனை வேலை சமாளிக்க வேண்டும் என்பது மற்றப் பாதி. யாருடைய முறை எப்போது வரும் என்பதை அந்தப் பாதிதான் தீர்மானிக்கிறது.

பதிப்பாளர்கள் தேடிய வழிகள்

2008இல் வந்த நான்காம் பதிப்பு எல்லோருக்கும் ஒரே அளவுகோலை வைத்தது. விரும்பிய நேரமெல்லாம் செய்யக்கூடியவை, சண்டைக்கு ஒருமுறை, நாளுக்கு ஒருமுறை என மூன்று வகை. வாள்வீரனுக்கும் இதே பங்கீடு. நியாயம் கிடைத்தது. ஆனால் எல்லாப் பாத்திரங்களும் ஒரே அச்சில் வார்த்தவை போல இருக்கின்றன என்று பலர் குறைப்பட்டார்கள். ஒரு வாள்வீச்சை ஏன் நாளுக்கு ஒருமுறைதான் வீசலாம் என்றும் கேட்டார்கள்.

2014இன் ஐந்தாம் பதிப்பு நடுவழி எடுத்தது. ஒரு மணித்தியாலக் குறுகிய ஓய்வு, எட்டு மணித்தியால நீண்ட ஓய்வு என இரண்டு. வாள்வீரனின் சிறப்புத் திறன்கள் சில குறுகிய ஓய்விலேயே திரும்பிவரும். மந்திரவாதியின் கூப்பன்களில் பெரும்பகுதிக்கு நீண்ட ஓய்வு வேண்டும். 24 மணித்தியாலத்தில் ஒரு நீண்ட ஓய்வின் பயன் மட்டுமே கிடைக்கும். ஒரு நாளில் 6 முதல் 8 நடுத்தர அல்லது கடினமான மோதல்களைத் தாங்கலாம் என்று அந்தப் பதிப்பின் நடத்துநர் நூல் கணக்கிட்டது. 2024இன் திருத்திய விதிகளிலும் இரண்டு ஓய்வு முறை தொடர்கிறது.

எண்ணி வைக்காத வழிகளும் உண்டு. டிராகன் நெருப்பு மூச்சை ஒருமுறை விட்டால், பிறகு தன் முறை தொடங்கும்போதெல்லாம் ஆறுமுகக் கட்டை உருட்டப்படும். 5 அல்லது 6 விழுந்தால் மூச்சு திரும்பும். மூன்றில் ஒரு வாய்ப்பு. எப்போது வரும் என்று தெரியாததுதான் பயம். 2012இல் வந்த 'டன்ஜன் க்ரோல் கிளாசிக்ஸ்' என்ற வேறொரு விளையாட்டில், மந்திரம் சொல்லும் ஒவ்வொரு தடவையும் கட்டை உருட்ட வேண்டும். நன்றாக விழுந்தால் அதே மந்திரத்தைத் திரும்பவும் சொல்லலாம். பிழைத்தால் அன்றைக்கு அது இல்லை.

சேர்த்துவைக்கும் பழக்கம்

கொட்டித்தீர்ப்பவர்கள் ஒரு வகை என்றால், பயன்படுத்தாமலே வைத்திருப்பவர்கள் இன்னொரு வகை. "பிறகு தேவைப்படும்" என்று பெரிய கூப்பனைக் கடைசிவரை பொத்தி வைத்து, நண்பன் விழுந்த பிறகும் கொடுக்கமாட்டார்கள். இந்தக் குணம் எங்கள் வீடுகளுக்குப் புதிதல்ல. ஒன்றும் கிடைக்காத காலத்தைக் கண்டவர்கள் நாங்கள். என் அம்மா இன்றைக்கும் அலுமாரியில் சவர்க்காரமும் மெழுகுதிரியும் அடுக்கி வைத்திருக்கிறார். அது எங்களைக் காப்பாற்றிய பழக்கம், குறை சொல்வதற்கில்லை. ஆனால் வைத்திருப்பது கொடுப்பதற்குத்தான் என்பதைப் பிள்ளை பழக, அபாயம் இல்லாத ஒரு மேசை நல்ல இடம்.

நடத்த விரும்புபவர்களுக்கு

மூத்த பிள்ளைகளோ பெற்றோரோ இதை நடத்த நினைத்தால், என் அனுபவத்தில் உதவியவை இவை:

1. ஒரு சனிக்கிழமையை விளையாட்டில் ஒரு நாள் என்று கணக்கிட வேண்டாம். மூன்று மணித்தியாலத்தில் எட்டு மோதல் முடியாது. மிச்சக் கூப்பனை எழுதி வைத்து, அடுத்த கிழமை அதிலிருந்தே தொடருங்கள்.

2. "படுக்கக் கூடாது" என்று தடுக்க வேண்டாம். படுத்தால் என்ன நடக்கும் என்று கதையில் சொல்லுங்கள்: காவல் கூடும், கள்ளன் தப்புவான், ஆறு பெருகும். முடிவைப் பிள்ளைகளே எடுக்கட்டும்.

3. கூப்பனுக்குப் பதிலாகச் சோழியோ பொத்தானோ கொடுங்கள். கையில் இருப்பது குறைவதைக் கண்ணால் கண்டால் சின்னப் பிள்ளையும் யோசிக்கும்.

4. விதியை நடுவில் மாற்ற வேண்டாம். மாற்றத்தான் வேண்டும் என்றால் தொடங்குமுன் எல்லோருக்கும் சொல்லுங்கள்.

விளையாடத் தெரியாத பெற்றோரும் ஒன்று செய்யலாம். பிள்ளை வீட்டுக்கு வந்ததும், வென்றாயா தோற்றாயா என்று கேட்க வேண்டாம். இந்த விளையாட்டில் அதற்குப் பெரும்பாலும் பதில் இல்லை. "இண்டைக்கு எத்தனை கூப்பன் மிச்சம்? ஆருக்காகச் செலவழிச்சாய்?" என்று கேட்டுப் பாருங்கள். சாப்பாடு முடியும்வரை கதை வரும்.